ஆமை முகத்தைப் படித்த கீரி

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் கீரி ஒன்று இருந்தது. நாவல் மரத்தடி வளை அதனுடையது. எந்தக் கோடையிலும் ஈரம் காயாத வளை அது.

கீரிக்கு இலையாட்டம் என்றால் உயிர். காய்ந்த பூவரச இலைகளில் ஒன்று முதல் பத்து வரை நகத்தால் கோடு கீறி, கலைத்து, கவிழ்த்து அடுக்குவார்கள். ஆடுபவர் இருவர். எடுத்ததை எதிராளிக்குக் காட்டாமல், ஒவ்வோர் இலையாக எடுத்துக் கோடுகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். விரும்பிய இடத்தில் "போதும்!" என்று நிறுத்தலாம். இருபத்தொன்றுக்கு யார் கிட்டே இருக்கிறாரோ அவருக்கு வெற்றி. தாண்டினால் தோல்வி. சமமானால் மறு ஆட்டம்.

கீரி இதுவரை தோற்றதில்லை. கணக்கில் அது சுமார்தான். அடுத்தவர் முகத்தைப் படிப்பதில் மகா கெட்டி! நல்ல இலை வந்தால் குரங்கு முதுகைச் சொறியும். மோசமான இலை வந்தால் முயலுக்குக் காது தொங்கும். அதைப் பார்த்தே கீரி ஆடும்.

அந்த ஆண்டு குளம் வற்றிவிட்டது. ஆமை தள்ளாடி வந்து வளை வாசலில் நின்றது.

"கீரியண்ணே, வெயில் தாங்கல! மழை வர்ற வரைக்கும் உள்ள ஒரு மூலையில ஒதுங்கிக்கிறேன்!"

"சும்மா இடம் குடுக்கிற பழக்கம் எனக்கில்ல! ஆடி ஜெயிச்சா வளை முழுசும் உனக்கு. தோத்தா இந்தக் குளத்தை விட்டே போயிடணும்!"

அடுத்த குளம் பாறைக்காட்டுக்கு அப்பால் இருந்தது. அந்தச் சூட்டில் ஆமை பாதி வழிகூடப் போய்ச் சேராது. இங்கேயே கிடந்தாலும் காய்ந்துதான் சாக வேண்டும். எனவே ஆட உட்கார்ந்தது. குரங்கு நடுவராக வந்தது.

ஆமைக்கு முதலில் ஏழு வந்தது. பிறகு ஐந்து. பிறகு மூன்று. மொத்தம் பதினைந்து. இன்னொன்று எடுக்க அதற்குத் துணிவில்லை.

"போதும்!" என்றது.

கீரிக்குப் பத்து, ஆறு, நான்கு வந்தன. இருபது! வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். கீரி வழக்கம்போல எதிராளியின் முகத்தைப் பார்த்தது.

ஆமையின் முகத்தில் ஒன்றுமே இல்லை. இமைகூட அசையவில்லை.

'தோத்தா உயிரே போயிடும். அப்படியும் அசையாம இருக்குதே! கையில இருபத்தொண்ணு வெச்சிருக்கு. சந்தேகமே இல்ல!' என்று கீரி நினைத்தது.

"என்ன, நிறுத்திக்கிறியா?" என்று குரங்கு கேட்டது.

"இன்னொண்ணு!" என்றது கீரி.

வந்தது இரண்டு. இருபத்திரண்டு!

குரங்கு ஆமையின் இலைகளைத் திருப்பிக் காட்டியது. கீரி கோடுகளை எண்ணிப் பார்த்தது.

"வெறும் பதினஞ்சா! அப்புறம் எப்படி அவ்வளவு தைரியமா உட்கார்ந்திருந்தே?"

"தைரியமா? ஓட்டுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிட்டு இருந்துச்சுண்ணே! ஆமைக்கு ஏது அழுற முகமும் சிரிக்கிற முகமும்? எனக்குப் பொறந்ததுலேர்ந்து இதே மூஞ்சிதான்!"

அன்று மதியமே கீரி பாறை இடுக்குக்குக் குடிபோனது. ஆமை ஈர மண்ணில் முகம் புதைத்துத் தூங்கியது.

அடுத்தவர் முகத்தைப் பார்த்துத் தன் கையில் இருப்பதைச் சந்தேகிப்பவர், வென்ற ஆட்டத்தையும் தோற்பார்.