சந்தானராஜ் வீட்டு மாடியில் ஓடும் மெஷின்

பதினோராயிரம் வரிகளை அழிக்க இசக்கியம்மாளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கம்ப்யூட்டரின் எல்லா வேலையையும் அடியிலிருந்து நடத்துகிற கெர்னலில், எந்தக் காலத்திலோ விற்பனை நின்றுபோன ஒரு சிப்புக்காக எழுதிய வரிகள் அவை. மற்றதோடு பின்னிக் கிடந்ததைப் பிரித்தெடுக்கவே அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று. அழிக்கும் முன் ஒரு வழக்கம் உண்டு. "இந்தச் சிப்பை இன்னும் யாராவது ஓட்டுகிறீர்களா?" என்று உலகம் முழுக்க அந்தக் கெர்னலில் வேலை செய்கிற எல்லாருக்கும் மெயில் போட வேண்டும். ஒரே ஒருவர் "ஆமாம்" என்றாலும் தொடக் கூடாது. கெடு, மாலை ஐந்து மணி. இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

கேன்டீனில், ஆபீஸிலேயே மூத்தவரான சந்தானராஜ் திறந்தார்.

"அந்தச் சிப்பா! தங்கச்சி, அதுக்கு முதல்ல புரோகிராம் எழுதினதே நான்தான். அப்பல்லாம் ஒரு எழுத்தைத் தட்டிட்டு, ரயிலேறி அரக்கோணம் போயிட்டு வந்தாதான் ஸ்கிரீன்ல அது வந்திருக்கும்."

"போன தடவை காட்பாடின்னீங்க," என்றாள் டெஸ்டிங் ரஹீமா, பஜ்ஜியைப் பிய்த்தபடி.

"அது கேப்பிடல் லெட்டரும்மா. அப்புறம் நான் கை வச்சேன். கேள்வியை டைப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள பதில் வந்து காத்துக்கிட்டு நிக்கும். மேனேஜர் மிரண்டுபோய் வேகத்தடை போடச் சொன்னார். நீ அழிக்கப்போற பதினோராயிரத்துல எட்டாயிரம் வரி அந்த வேகத்தடைதான்."

இசக்கியம்மாள் மணியைப் பார்த்தாள். "இப்ப அது யார்கிட்டயும் இல்லல்ல, அண்ணே?"

"இல்லாம? என் வீட்டு மாடியில ஓடிக்கிட்டிருக்கு. அணைச்சதே இல்ல. வெள்ளத்துல மிதந்துக்கிட்டே கணக்குப் போட்டுச்சு."

"வெள்ளம் மாடிக்கே வந்துச்சா?" என்றாள் ரஹீமா.

"வரலை. இதுதான் இறங்கிப் போய் மிதந்துச்சு."

"கரன்ட் போனா?"

"எங்க தெருவுக்கே அதுதான் கரன்ட் குடுக்குது! நாளைக்கு ஒரு வேலை சொல்லலாம்னு நெனச்சாப் போதும், இன்னைக்கே முடிச்சு வச்சிரும்."

ரஹீமா சிரித்தாள். இசக்கியம்மாள் சிரிக்கவில்லை. ஒருவர் இருக்கிறது என்றால் இருக்கிறது; கேட்டது அவள்தானே. லேப்டாப்பைத் திறந்தாள்.

"அப்ப அழிக்க மாட்டேண்ணே. என் மூணு மாசம் போனாப் போகுது. பொறுப்பாளர்னு உங்க பேரைப் போட்டுடறேன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா புதுப் பதிப்பு வரும். ஒவ்வொண்ணையும் உங்க மெஷின்ல ஓட்டிப் பார்த்து, உடைஞ்சா நீங்களே சரிபண்ணணும். இனிஷியல் என்னண்ணே?"

சந்தானராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இரு, இரு. காலையில ஒண்ணு நடந்துச்சு. உன் மெயிலை அதுவே படிச்சிருச்சு. 'பாவம், புள்ள கஷ்டப்படுது'ன்னு தன்னைத்தானே கழட்டி மூட்டை கட்டி, பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு ஏறிப் போயிருச்சு."

"சரிண்ணே. அதை அப்படியே மெயில்ல போட்டுடுங்க."

"அப்படியேவா?"

"ஆமாண்ணே. உலகம் பூரா படிப்பாங்க."

நாலு ஐம்பத்தைந்துக்கு மெயில் வந்தது: "என்னிடம் அப்படி எந்த மெஷினும் இல்லை."

இசக்கியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அழித்தாள். கெர்னல் பாட்டுக்கு ஓடியது.

ரஹீமா அந்த மெயிலை இரண்டு தடவை படித்தாள். "இருபது வருஷத்துல அண்ணன் எழுதினதுல, பிழையே இல்லாத வரி இது ஒண்ணுதான்."