அன்னாசி தின்ற கறி

அன்று மடத்தில் இருந்தவர்கள் நாச்சியம்மை, அவருடைய சீடன் சடையன், மலைமேல் ஊரிலிருந்து வந்திருந்த ஆண்டியப்பன். ஆண்டியப்பனின் கக்கத்தில் ஒரு சேவல். ஆக மூன்று பேர், ஒரு சேவல். புதன்கிழமைகளில் மடத்துக்கு யாரும் வருவதில்லை. அன்று மழைமூட்டம் வேறு.

மடம் என்று பேர்தான். ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சாய்ப்பு. சாய்ப்பில் ஓர் அடுப்பு, ஓர் இரும்புச்சட்டி. நாச்சியம்மைக்கு நாற்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. சடையனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இருந்தாலும் அவர் குரு, இவன் சீடன். அதில் இருவருக்கும் குழப்பம் இல்லை.

“மாமா” என்றான் ஆண்டியப்பன், வாசல் தூறலில் நின்றபடி.

சடையன் விறகு பிளந்துகொண்டிருந்தான். நிமிரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு சடையனின் ஒரே மகன் வீரமுத்துவைப் பாம்பு கடித்தது. ஊரில் இருந்தது ஒரே ஒரு ஜீப். அது ஆண்டியப்பனுடையது. ஆண்டியப்பன் வேறு யாருமில்லை, பையனின் தாய்மாமன்; சடையன் மனைவி சிலம்பாயியின் தம்பி. அன்று அவன் குடித்துவிட்டுக் கிடந்தான். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், அறைந்து பார்த்தார்கள். எழவில்லை. சாவியும் கிடைக்கவில்லை. நாலு பேர் தொட்டில் கட்டிப் பையனைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினார்கள். பாதி மலையில் தொட்டில் திடீரென்று கனத்துப்போயிற்று. அதைத் தோளில் முதலில் உணர்ந்தது சடையன்தான்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கருமாதி முடிந்த மறுநாள் தாய்மாமன் ஒரு சேவலோடு வர வேண்டும். அதைச் சமைத்து, முதல் துண்டை அவன் கையாலேயே இழவு வீட்டுக்காரனின் இலையில் வைக்க வேண்டும். அவன் தின்றால் துக்கம் முறிந்தது என்று கணக்கு. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் கறி, தலைக்கு எண்ணெய், நல்ல நாள் எல்லாம்.

ஆண்டியப்பன் அன்றே சேவலோடு வந்தான். சடையன் அவன் முகத்தில் கதவைச் சாத்தினான். பிறகு அதே கதவைத் திறந்துகொண்டு தானே வெளியேறி மடத்துக்கு வந்துவிட்டான். உள்ளே சிலம்பாயி மட்டும் இருந்தாள்.

“அக்காதான் அனுப்புச்சு” என்றான் ஆண்டியப்பன். “இன்னும் தலைக்கு எண்ணெய் வைக்கல மாமா. முடி சடை புடிச்சுப்போச்சு. நீங்க தின்னு, மிச்சத்தக் கொண்டாந்தா அதுவும் தின்னுமாம். இல்லேன்னா சேவல அங்கயே வுட்டுட்டு வா, இனிமே நான் யாரையும் அனுப்ப மாட்டேன்னு சொல்லிருச்சு.”

சடையன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். அவன் பார்த்தது சேவலை. அதன் கொண்டை ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

“இது எம் பையன் வளத்த குஞ்சு.”

“ஆமா. அக்காவே புடிச்சுக் குடுத்துச்சு.”

சடையன் கோடரியைக் கீழே போட்டுவிட்டுச் சாய்ப்புக்குள் போனான். நாச்சியம்மை மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். நடந்தது எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும்.

“அம்மை, இவன் கையால நான் எப்படி வாங்கித் தின்பேன்?”

“எனக்குப் பசிக்குது” என்றார் நாச்சியம்மை. “அந்தத் தம்பி கடைசி பஸ்ஸப் புடிக்கணும். அதுக்குள்ள சமைச்சிருங்க சடையரே.”

“நான் கேட்டது...”

“வெறும் வயித்துல எனக்குப் பதில் வராது.”

“கெழட்டுச் சேவல். வேகறதுக்குள்ள பஸ் போயிரும்.”

“மூலையில பழம் கெடக்குதே.”

மூலையில் அன்னாசிப் பழங்கள் கிடந்தன, பாதி பழுத்தும் பழுக்காமலும். அன்னாசியைப் பற்றிச் சடையனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாலிபத்திலிருந்து அன்னாசித் தோட்டத்தில் அறுத்தவன். அந்தச் சாறு பட்டுப் பட்டு அவன் விரல் ரேகைகள் அழிந்துபோய்விட்டன. ரேஷன் கடை எந்திரத்தில் எத்தனை தடவை அழுத்தினாலும் அவன் யாரென்று அது சொல்லாது. முற்றின கறியில் அன்னாசியை நசுக்கிப் பிசறி வைத்தால் போதும், அரை மணியில் இளங்கறி மாதிரி ஆகிவிடும். அரை மணிக்கு மேல் வைக்கக் கூடாது. அதற்கு மேல் பழம் கறியைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

சேவலை ஆண்டியப்பனே அறுத்தான். மயிர் பிடுங்கி, வாட்டி, கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டப்போய் நின்றான். சடையன் துண்டு போட்டான். இருபத்துநாலு துண்டுகள் தேறின. உப்பும் மஞ்சளும் போட்டான். பிறகு செங்காயாக ஒரு பழத்தை எடுத்துச் சீவி, கல்லில் வைத்து நசுக்கினான். கால் பழம் போதும். அவன் முழுப் பழத்தையும் நசுக்கிக் கொட்டினான்.

“முழுசுமா?” என்றார் நாச்சியம்மை.

“கெழட்டுச் சேவல்.”

“ம்.”

சட்டியை மூடிவிட்டுச் சடையன் அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். வாசலில் மழை வலுத்தது. ஆண்டியப்பன் நனைந்துகொண்டு நின்றான். நாச்சியம்மை கூப்பிட்ட பிறகுதான் சாய்ப்பின் ஓரத்துக்கு வந்து குத்துக்காலிட்டான்.

நேரம் போயிற்று.

“அடுப்பு பத்த வைக்கலையா?”

“ஊறட்டும் அம்மை.”

“நான் வேணா பத்த வைக்கட்டுமா மாமா?”

“நீ அடுப்பத் தொடாத” என்றான் சடையன். ஆண்டியப்பனை நேராகப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அதுதான். “அன்னைக்குப் படுத்துக் கெடந்த மாதிரி இன்னைக்கும் அப்படி ஓரமாப் படு.”

ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

“எங்க உன் ஜீப்பு?”

“வித்துட்டேன்.”

“எப்போ?”

“கருமாதிக்கு முந்தி.”

“அத இன்னும் கொஞ்சம் முந்தி வித்திருந்தா வாங்கினவன் எழுந்து ஓட்டியிருப்பான்.”

“ஆமா மாமா” என்றான் ஆண்டியப்பன்.

அவன் ஒத்துக்கொண்டது சடையனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏதாவது எதிர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும். மூன்று வருடமாக மனதுக்குள் எத்தனையோ முறை இந்தச் சண்டையைப் போட்டுப் பார்த்திருக்கிறான். அதிலெல்லாம் ஆண்டியப்பன் எதிர்த்துப் பேசுவான்.

நாச்சியம்மை சட்டியின் மூடியைத் தூக்கி விரலால் துழாவினார்.

“இருபத்தொண்ணு” என்றார்.

“என்ன அம்மை?”

“இருபத்துநாலு போட்டீங்க. மூணு கரைஞ்சுபோச்சு. எலும்பு தனியா வந்துருச்சு.”

சடையன் சட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“சிலம்பாயி நடமாடுதா?” என்று கேட்டான். யாரைக் கேட்கிறான் என்று தெரியாத மாதிரி மழையைப் பார்த்துக் கேட்டான்.

“நடமாடுது. பேச்சுதான் கொறஞ்சுபோச்சு. சாயங்காலமானா வாசல்ல வந்து குந்திக்குது. தொட்டில் போன தடத்தையே பாத்துக்கிட்டு இருக்கும்.”

“நீ போய்ப் பாப்பியா?”

“தெனமும் போவேன். தண்ணி எடுத்து ஊத்திட்டு வருவேன். வீட்டுக்குள்ள போனதில்ல மாமா. நீங்க சாத்தின கதவு. நீங்க சொல்லாம நொழையக் கூடாதுன்னு அக்கா சொல்லிருச்சு.”

“பதினேழு” என்றார் நாச்சியம்மை.

சடையன் ஒரு விறகை எடுத்து, மறுபடி கீழே வைத்தான்.

“நான் ஒண்ணு கேக்கறேன்” என்றார் நாச்சியம்மை. “பழத்த இப்போ வழிச்சு எறிஞ்சுட்டு, கறியக் கழுவி வச்சா நிக்குமா?”

“நிக்காது அம்மை. உள்ள எறங்கியிருக்கும்.”

“உப்பு கொஞ்சம் அள்ளிப் போட்டா?”

“ம்ஹூம்.”

“அப்படியே மூடி வச்சுட்டு நாம அந்தப் பக்கம் போயிட்டா?”

“காலையில எலும்புதான் இருக்கும்.”

“பின்ன எதுலதான் நிக்கும்?”

“தீயில போட்டாத்தான்” என்றான் சடையன்.

நாச்சியம்மை புடைத்த மிளகை அம்மியில் வைத்து நுணுக்க ஆரம்பித்தார். அம்மி ஓடுகிற சத்தமும் மழைச் சத்தமும் மட்டும் இருந்தன.

சடையன் தன் விரல் நுனிகளைப் பார்த்தான். நசுக்கும்போது பட்ட சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த இடம் லேசாக எரிந்தது.

எழுந்தான். கறியை ஒரு தட்டில் கவிழ்த்துவிட்டு, சட்டியைத் துடைத்து அடுப்பில் ஏற்றினான். விறகு ஈரம். ஊதி ஊதிக் கண்ணில் தண்ணீர் வந்தது. புகையில் வருவதுதான் அது என்று மற்ற இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

எண்ணெய் காய்ந்ததும் வரமிளகாயைக் கிள்ளிப் போட்டான். சின்ன வெங்காயம், தட்டின இஞ்சி பூண்டு. வெங்காயம் சிவந்ததும் கறியைத் தள்ளினான். சட்டி சீறியது. உடைந்த கறியெல்லாம் மசாலாவோடு சேர்ந்து அடியில் ஒட்டியது. முழுத் துண்டுகளைச் சிதைத்துவிடாமல் ஓரமாகவே கரண்டியை விட்டுத் திருப்பினான். கடைசியில் மிளகுத் தூளைத் தூவினான். வெகு நேரம் ஆகவில்லை. இறக்கும்போது முழுசாக நின்றவை பதின்மூன்று.

காலையில் ஆக்கின சாமைச் சோறு இருந்தது. மூன்று இலைகள் போட்டார்கள். நாச்சியம்மைக்கு மூன்று துண்டு, ஆண்டியப்பனுக்கு மூன்று துண்டு என்று சடையன் எடுத்து வைத்தான். தன் இலையில் சோற்றை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

யாரும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை.

“ஆறுது” என்றார் நாச்சியம்மை.

ஆண்டியப்பன் எழுந்து வந்தான். சட்டிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தான். அது நழுவி மறுபடி சட்டிக்குள்ளேயே விழுந்தது. திரும்ப எடுத்தான். சடையனின் இலை ஓரத்தில் வைத்தான். வைத்த பிறகும் கையை எடுக்கத் தெரியாமல் அங்கேயே வைத்திருந்தான்.

அந்தக் கையைச் சடையன் ரொம்ப நேரம் பார்த்தான். தண்ணீர்க் குடம் தூக்கிக் காய்த்துப்போன கை.

“கைய எடு. எலையில எடமில்ல.”

ஆண்டியப்பன் கையை எடுத்துக்கொண்டான்.

சடையன் அந்தத் துண்டை வாயில் போட்டான். மென்றான். எலும்பைத் துப்பிவிட்டு ஒரு வாய் சோறு தின்றான்.

“உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டார் நாச்சியம்மை.

“தெரியல அம்மை.”

“எனக்குச் சரியா இருக்கு.”

சடையன் ஆண்டியப்பன் பக்கம் திரும்பாமல் சொன்னான். “நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? குந்து மாப்ள.”

மாப்பிள்ளை என்று அவன் கூப்பிட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆண்டியப்பன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, முகத்தைச் சோற்றுக்கு மிக அருகில் கொண்டுபோய்ச் சாப்பிட்டான். அவன் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. மிளகு காரம்தான்.

சாப்பிட்டு முடித்ததும் நாச்சியம்மை சட்டியில் இருந்ததை வாழையிலையில் வழித்து, மடித்து, நார் போட்டுக் கட்டினார். தொலைவில், கொண்டை ஊசி வளைவில், பஸ் ஹாரன் கேட்டது.

“குடுங்க அம்மை” என்று ஆண்டியப்பன் கை நீட்டினான். “அக்காகிட்ட நான் சேத்துடறேன்.”

நாச்சியம்மை அவனைக் கடந்து வந்து பொட்டலத்தைச் சடையன் கையில் வைத்தார்.

பொட்டலம் இன்னும் சுட்டது. சடையன் அதைப் பிடித்தபடி நின்றான். வெளியே தடம் இருட்டிக்கொண்டு வந்தது. தொட்டில் இறங்கின தடமும் அதுதான். மறுபடி ஹாரன், இந்த முறை பக்கத்தில்.

“அம்மை” என்றான். “துக்கம் முறிஞ்சுதா?”

நாச்சியம்மை காலிச் சட்டியில் தண்ணீர் ஊற்றினார்.

“இன்னும் ஆறு துண்டு மிச்சம் இருக்கு சடையரே.”