பதினோரு பெயர்கள்

சாதி ஒழிப்பு மேடைகளில் நாற்பது ஆண்டுகள் முழங்கியவர் இளஞ்சேரன். ஒரு நாள் காலை, தனக்கு அரசியல் கற்பித்த அறிவுக்கொடி அம்மையாரைப் பார்க்க வாசகசாலைக்கு வந்தார்.

“உட்காருங்க தோழர். என்ன, மைக் இல்லாம பேச்சு வரலையா?”

இளஞ்சேரன் சிரிக்கவில்லை. மடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

“என் தங்கச்சி சினைப்பைப் புற்றுநோயில போனா. டாக்டர் எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். அவளுக்கு இருந்த அதே மரபணுக் கோளாறு எனக்கும் இருக்காம்.”

“உங்க பொண்ணு நிலவழகிக்கு?”

“பாதிக்குப் பாதி வாய்ப்பு. உடனே சோதிக்கணும்னார். இருந்தா, சினைப்பையை முன்னாடியே எடுத்துட்டா ஆபத்து ரொம்பக் குறையுமாம்.”

“அவ என்ன சொன்னா?”

“அவகிட்ட இன்னும் சொல்லல.”

அம்மையார் தாளிலிருந்த தேதியைப் பார்த்தார்.

“எட்டு மாசம் ஆச்சே.”

“ரத்தத்தில என்ன இருக்குன்னு ஊர் ஊராக் கேட்டவன் நான். அவளைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டே கேட்டேன். இப்போ அவகிட்டயே போய், என் ரத்தத்தில வந்ததுன்னு எந்த வாயால சொல்ல? நாம பேசினது தப்பாம்மா?”

“பிறப்பால மேல் கீழ் இல்லைன்னோம். நோய் இல்லைன்னா சொன்னோம்?”

தடியடிக்கு அசையாத மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மையார் வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“இந்த எட்டு மாசமா, யார் யாரை நினைச்சுப் பயந்தீங்களோ அவங்க பேரை எழுதுங்க.”

இளஞ்சேரன் எழுதினார். சாதிச் சங்கத் தலைவர் பெயர் முதலில். பதவிக்கு விலைபோன பழைய தோழர்கள் மூவர். அவரைக் கேலி செய்து எழுதிய பத்திரிகைக்காரர். எழுத எழுத முகத்தில் பழைய கோபம் ஏறியது. எழுத்து வேகமாக ஓடியது.

“பதினோரு பேர். என்னைப் பார்த்துச் சிரிக்கலாம்னு காத்துக்கிட்டிருக்காங்க, பாவிங்க.”

அம்மையார் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். திருப்பி அவரிடமே கொடுத்தார்.

“இதில உங்க பொண்ணு பேர் இல்லையே, தோழர்.”