கோட்டுக்குள் யார் யார்?

மருதங்காட்டு நாட்டை ஒரு காலத்தில் திருமேனிராயன் என்ற ராஜா ஆண்டார். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு, அப்படிப்பட்ட ராஜா.

சபைக்கு வந்த கப்பல் வியாபாரி துரை ஒருவர், "எங்கள் ஊரில் எந்த வேலைக்கும் டெட்லைன் உண்டு" என்றார்.

"அப்படியென்றால்?"

"இன்ன நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று வைக்கும் கெடு. முன்னே அது சிறையில் கைதிகளைச் சுற்றிப் போட்ட கோடாம். தாண்டினால் சுட்டுவிடுவார்கள். இப்போது வெறும் பேச்சுக்குத்தான் சொல்கிறோம்."

ராஜாவுக்கு அந்தக் கோடு பிடித்துப்போனது. கெடு தப்பியவனைச் சபை நடுவே சுண்ணாம்புக் கோட்டுக்குள் உட்கார வைத்தார். சோறு தண்ணீர் கிடையாது. வெளியே கால் வைத்தால் அம்பு.

ஏரி மதகை முடிக்காத கல்தச்சன் பெரியாண்டி அதற்குள் உட்கார்ந்து மூன்று நாள் ஆயிற்று. உதடு வெடித்துவிட்டது. அவன் பெண்டாட்டி வாசலில் அழுது அழுது குரலும் போய்விட்டது. பெரியாண்டி நல்ல பெயர் வாங்குவதைப் பொறுக்காத பண்டகசாலை அதிகாரி நாகலிங்கர் மட்டும், "சோம்பேறிக்கு நல்ல பாடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மந்திரி சிற்றம்பலம் எழுந்தார். "மகாராஜா, கோடு கோணலாக இருக்கிறது. திருத்தட்டுமா?"

"திருத்தும்."

சுண்ணாம்புச் சட்டியோடு மந்திரி குனிந்தார். "பெரியாண்டி, வேலை ஏனப்பா நின்றது?"

"கல்லு வரலீங்க சாமி. நாலு தடவை போய்க் கேட்டேன். அதிகாரி ஐயா குடுக்கலீங்க."

மந்திரி பழைய கோட்டை அழித்து, நாகலிங்கரையும் சேர்த்து வளைத்தார்.

"என்னை எதற்கய்யா உள்ளே இழுக்கிறீர்?"

"வேலை யாரிடம் காத்துக் கிடந்ததோ அவரும் உள்ளேதானே இருக்க வேண்டும்?"

நாகலிங்கருக்கு வேர்த்தது. "கல்லுக்கான ஓலையில் மகாராஜா முத்திரை வைக்காமல் நான் எப்படிக் கல் கொடுப்பேன்?"

மந்திரி கோட்டை இழுத்துக்கொண்டே போய் சிம்மாசனத்தையும் சுற்றி முடித்தார். வில்லாளிகள் யாரைக் குறிபார்ப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். ராஜா கால்களைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

"வில்லைக் கீழே போடுங்கடா. நாகலிங்கரே, அந்த ஓலையை என்னிடம் எப்போது தந்தீர்?"

"முந்தாநாள், மகாராஜா."

"கெடு முடிந்த மறுநாள்."

நாகலிங்கர் தலை தொங்கிப்போனது. மதகுக்கு வேண்டிய கல்லையெல்லாம் அவரே தலைச்சுமையாகச் சுமக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பிறகு இறங்கி வந்து, காலாலேயே கோட்டை அழித்தார்.

பெரியாண்டிக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். பாதி வாயில், பாதி மார்பில் வழிந்தது.

"வேலை முடிய உனக்கு எத்தனை நாள் வேண்டும்?" என்று ராஜா கேட்டார்.

அவன் மந்திரியைப் பார்த்தான். வில்லாளிகளைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"இதை இதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்லீங்க. யோசிச்சுச் சொல்லட்டுங்களா?"

'எப்போதுக்குள்?' என்று கேட்க வாயெடுத்த ராஜா, காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.