சோளக் கணப்பு

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊர், 1896 தேர்தல் சமயம். தங்கம் மட்டுமே பணமாக இருக்க வேண்டும், வெள்ளி நாணயம் கூடாது என்று ஓட்டுக் கேட்க வந்தார் வங்கி முதலாளி வின்ஸ்லோ. அந்தத் தங்கக் கணக்கால்தான் ஊரில் பணப்புழக்கம் சுருங்கி, விளைந்தது விலைபோகாமல் நொந்துபோன விவசாயிகள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

குளிர் நடுக்கியது. மேடையோரம் கணப்பு அடுப்பைப் பார்த்துக்கொண்டவள் கூலிக்காரி ஹல்டா. "இன்னும் போடு" என்று அவளை அதட்டிவிட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றபடி அந்த மனிதர் கூசாமல் பேசினார்:

"தங்கத்தின்மேல் தப்பில்லை. சோம்பேறித்தனம்தான் உங்கள் வறுமை. பாடுபட்டு விளைவித்தீர்களாமே, எங்கே? இப்போதே இங்கேயே காட்டுங்கள். ஓட்டே கேட்காமல் இறங்கிப் போகிறேன்."

கூட்டத்துக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்? எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

ஹல்டா அடுப்புக் கதவைத் திறந்தாள். உள்ளே மக்காச்சோளக் கதிர்கள், மணியோடு, கொழுந்துவிட்டு எரிந்தன.

வின்ஸ்லோ பதறினார். "சாப்பிடுகிற பொருளையா எரிக்கிறாய்?"

"விற்றால் அடுப்புக்குக் கரி வாங்கக்கூடப் பத்தாது, ஐயா. உங்கள் தங்கம் எங்களுக்குக் கொடுத்த விலை அது. இவ்வளவு நேரம் நீங்கள் முதுகு காய்ந்தது எங்கள் விளைச்சலில்தான். பார்த்தாகிவிட்டதா?"

ஹல்டா அடுப்புக் கதவைச் சாத்தினாள்.

"பொம்பளை எனக்கு ஓட்டுக் கிடையாது. இந்த அடுப்புதான் உண்டு. இனி ஒரு கதிர்கூடப் போட மாட்டேன்."

வின்ஸ்லோ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கினார். வாசல்வரை காலை ஒதுக்கி வழி விட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.