கான்ஃபிக் கோப்பின் முதல் வரி

"அக்கா, லாகின் பக்கத்தை மறுபடியும் எழுதிட்டேன். அதே எரர்தான் வருது," என்றான் இசக்கிராஜ்.

ஜெபசெல்வி தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திருநெல்வேலியில் இருந்த அந்தச் சின்ன நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர்கள் அவரிடம்தான் நிரல் எழுதப் பழகினார்கள்.

அவன் எழுதிக்கொண்டிருந்தது ஒரு கல்லூரியின் ஹால் டிக்கெட் தளம். மாணவர் கடவுச்சொல் கொடுத்ததும் சர்வர் அவரை அடுத்த பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை.

மதியத்துக்குள் சரியாகாவிட்டால் இசக்கிராஜின் வேலை நிரந்தரமாகாது. அவன் வீட்டில் அலுவலக வேலைக்கு வந்த முதல் ஆள் அவன்.

"எரர் என்ன சொல்லுது?"

"பக்கம் ஏற்கெனவே போக ஆரம்பிச்சிடுச்சாம். இனிமே வேற பக்கத்துக்குத் திருப்ப முடியாதாம்."

"கவரைத் தபால் பெட்டியில போட்டப்புறம் விலாசம் எழுத முடியுமாலே?"

"முடியாதுக்கா. ஆனா நான் எதையும் போடலையே."

"எரர்ல எந்த இடம்னு இருக்கு?"

"லாகின் கோப்புன்னு."

"நடுவுல ஒரு அடைப்புக்குறி இருக்குமே."

"அதை வாசிக்கலக்கா. அடைப்புக்குறிக்குள்ள இருக்கறது முக்கியமில்லைன்னு..."

"யாரு சொன்னா?"

அவன் வாசித்தான். பக்கம் போகத் தொடங்கிய இடம்: கான்ஃபிக் கோப்பு, முதல் வரி.

"அது யாரு எழுதினது?"

"நான்தான். லாகின் பக்கம் முதல்ல அதைத்தான் படிக்கும். ஆனா அதுல வெறும் செட்டிங்ஸ்தான் இருக்கு."

"திற."

திறந்தான்.

நிரல் தொடங்கும் குறிக்கு மேலே, தனி வரியில், 'உ' என்று இருந்தது.

"பிள்ளையார் சுழிக்கா. பரீட்சைப் பேப்பர்ல இருந்தே பழக்கம்."

"குறிக்கு வெளியே என்ன எழுதினாலும் பக்கமாத்தான் போகும். சர்வருக்கு அது சாமின்னு தெரியாது."

அவன் விரல் டெலீட் பொத்தானின் மேல் நின்றது. அழுத்தவில்லை.

"என்னலே யோசனை? வேலை போயிரும்."

"தெரியும்க்கா. இதை அழிச்சா போயிருமோன்னும் இருக்கு."

ஜெபசெல்வி சிரிக்கவில்லை. தன் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

அவர் எழுதிக்கொண்டிருந்த கோப்பு. முதல் வரியில் தொடக்கக் குறி.

அதற்குக் கீழே, சர்வர் படிக்காமல் தாண்டிப் போகும் குறிப்பு வரியில், ஒரு சின்னச் சிலுவை.