ரெண்டாம் பரிசு அண்ணாச்சி

தூத்துக்குடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பால்துரை அண்ணாச்சி, 'கடலோடி' சீட்டாட்டத்தில் மூன்று வருஷமாக இறுதிப் போட்டி வரை போய் ரெக்ஸ் என்ற ஒரே ஆளிடம் தோற்றார். மூன்று ரெண்டாம் பரிசுக் கோப்பைகள் கடையின் மேல்தட்டில் நின்றன. கடைத்தெருவில் அவருக்குப் பெயரே 'ரெண்டாம் பரிசு'. அது காதில் விழும்போதெல்லாம் மனுஷனுக்கு வயிறு எரியும்.

ஆட்டம் இதுதான். ஆளுக்குக் கொஞ்சம் மட்டமான கூலியாள் சீட்டோடு ஆரம்பம். ஒவ்வொரு முறையும் ஐந்து சீட்டு கைக்கு வரும். அதைக் காட்டி, நடுவில் விரித்திருக்கும் சந்தையில் நல்ல சீட்டு வாங்கித் தன் கட்டில் சேர்க்கலாம். கட்டு தீர்ந்தால் பழசும் புதுசுமாகக் கலைத்து மறுபடி எடுக்க வேண்டும். கப்பலும் கலங்கரை விளக்கமும் ஒரே கையில் வந்தால் புள்ளி கொட்டும்.

"அதுதான் சேரவே மாட்டேங்குது, டீச்சர்!" என்று புலம்பினார் அண்ணாச்சி. ஆட்டம் கற்றுக்கொடுக்கும் ஜெசிந்தா டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவள். "எங்கிட்ட இல்லாத சீட்டா? இன்னும் எதை வாங்கணும், சொல்லுங்க."

மறுநாள் டீச்சர் அவர் கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, குழாய்க்கு ஒரு வாஷர்."

"ஒண்ணு என்ன, ஒன்பது வகை இருக்கு!"

அண்ணாச்சி ஏணி போட்டு ஏறினார். அரிக்கேன் விளக்குத் திரி வந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாள் வந்தது. ஒரு பெட்டி கவிழ்ந்து ஆணியெல்லாம் தரையில் ஓடியது. வாஷர் மட்டும் வரவில்லை.

"இருக்கு டீச்சர், சத்தியமா இருக்கு!"

"இருக்குன்னு எனக்கும் தெரியும், அண்ணாச்சி."

அவள் எதிர்க்கடைக்குப் போனாள். போன வேகத்தில் வாஷரோடு அவர் கண் முன்னாலேயே வீட்டுக்கு நடந்தாள். அண்ணாச்சி ஏணியில் நின்றபடியே எதிர்க்கடையின் பாதி காலியான தட்டுகளையும் பிதுங்கும் தன் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த வருஷமும் இறுதிப் போட்டியில் எதிரே ரெக்ஸ்தான். அண்ணாச்சி முதல் வேலையாக அடுப்புச் சீட்டை வாங்கினார். புள்ளி தராத சீட்டு. அது கைக்கு வரும்போது கூட வந்த ஒரு சீட்டை அடுப்பில் போட்டு, ஆட்டத்தை விட்டே அனுப்பலாம். அவ்வளவுதான். யாரும் அதைச் சீண்டுவதில்லை.

"என்ன அண்ணாச்சி, கடையைக் காலி பண்ணுதியளா?" ரெக்ஸ் சிரித்தான். கூட்டமும் சிரித்தது.

வளைந்த ஆணியைக்கூட வீசாத கை அது. ஒவ்வொரு கூலியாளையும் ஒரு முறை தடவிவிட்டுத்தான் அடுப்பில் போட்டது. பாதி ஆட்டத்தில் ரெக்ஸ் புள்ளியில் எங்கேயோ முன்னால் போய்விட்டான். அண்ணாச்சி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த கூலியாளையும் போட்டார்.

அப்புறம் நடந்ததுதான் ஆட்டம்! கட்டு மெலிந்திருந்தது. கப்பல் வந்தது, கூடவே கலங்கரை விளக்கம் வந்தது. அடுத்த கையிலும் வந்தது. அதற்கடுத்தும் வந்தது. ரெக்ஸ் தன் தடித்த கட்டில் ஒரு கலங்கரை விளக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி அவனைத் தாண்டிவிட்டார். கடைத்தெருவே எழுந்து விசிலடித்தது.

முழங்கை உயரத்துக்கு முதல் பரிசுக் கோப்பை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணீரும் சிரிப்புமாக டீச்சரிடம் ஓடி வந்தார்.

"ஜெயிச்சிட்டேன் டீச்சர்! ஆனா இத எங்க வைக்கது? கடையில ஊசி குத்த இடமில்லையே."

"அந்த மூணு ரெண்டாம் பரிசும் எங்க இருக்கு?"

"மேல்தட்டுல."

"அப்போ இடம் இருக்கு, அண்ணாச்சி."